எதுவும் செய்ய வேண்டாம்!

2023-ல் ஒருநாள் உங்கள் செல்போன் திடீரென்று அலறியதே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆபீஸில் எல்லா போனும் ஒரே நேரத்தில் கத்தியதில், டீ கொண்டுவந்தவர் பாதி டீயை என் மேஜையிலேயே ஊற்றிவிட்டார். பதறிப்போய்த் திரையைப் பார்த்தால்... தொலைத்தொடர்புத் துறையின் சோதனைச் செய்தியாம். உங்கள் தரப்பில் எதுவும் செய்யத் தேவையில்லையாம்.

எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். எனக்கு மட்டும் அந்தக் கடைசி வரி முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

முதலில் அந்த டெக்னாலஜிக்கு ஒரு சல்யூட். 'செல் பிராட்காஸ்ட்' என்று பெயர். எஸ்.எம்.எஸ். மாதிரி ஒவ்வொரு நம்பராகத் தேடிப்போகாது. டவரிலிருந்து ஒரே ஒலிபரப்பு. அந்த டவருக்குக் கீழே இருக்கும் அத்தனை போனும் பிடித்துக்கொள்ளும். லைன் நெரிசல் கிடையாது. உங்கள் நம்பர் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. புயல், வெள்ளம் என்றால் இது வரப்பிரசாதம்தான்.

ஆனால், 'இதையே எல்லைக்கும் கொண்டுபோனால் போதும், ஒரு பட்டனைத் தட்டினால் ஊரே உஷாராகிவிடும், எல்லை பத்திரம்' என்று சிலர் பேசும்போதுதான் எனக்கு உதைக்கிறது.

உஷாராகி... ஊர் என்ன செய்யும் சார்?

2025 மே 7. நாடு முழுக்க 244 மாவட்டங்களில் சைரன் ஊதி ஒத்திகை பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அதே நாள் ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச் நகரத்தில் நிஜமாகவே பாகிஸ்தானின் ஷெல்கள் வந்து விழுந்தன. குழந்தைகள் உட்படப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜம்மு பகுதி எல்லை மாவட்டங்களுக்கு 14,460 பதுங்குகுழிகள் கட்ட 2017-லேயே அனுமதி கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் 'நகரத்தில் எங்களுக்கு ஒளிய இடமில்லை' என்றுதான் பூஞ்ச் மக்கள் புலம்பினார்கள். ஓடி ஒளியக் குழி இல்லாதவனுக்கு மணி அடித்துச் சொல்வது எச்சரிக்கை இல்லை. பயமுறுத்தல்!

மணியைத் தப்பாக அடித்தால்? 2018 ஜனவரி 13 காலையில், ஏவுகணை வருகிறது, ஒத்திகை இல்லை, உடனே பதுங்குங்கள் என்று ஹவாய் மக்களின் போன்களுக்குச் செய்தி வந்தது. அது தவறு என்ற அடுத்த செய்தி போனுக்கு வர 38 நிமிடம் ஆனது. 2023 மே 31-ல், வடகொரியா ராக்கெட் விட்டதும், 'வெளியேறத் தயாராகுங்கள்' என்றது சியோல் மாநகராட்சி. சுமார் 20 நிமிடத்தில், அது தவறாக அனுப்பப்பட்டது என்றது உள்துறை அமைச்சகம். இதே மாதிரி இன்னும் இரண்டு முறை நடந்தால், நிஜ ஏவுகணை வரும்போது ஜனங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார்கள்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம், இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். நம்முடைய எச்சரிக்கைக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. மேலேயிருந்து கீழே சொல்ல டவர் உண்டு. கீழேயிருந்து மேலே சொல்ல?

கார்கிலை நினைத்துப்பாருங்கள். 1999 மே மாதத் தொடக்கத்தில், ஊடுருவல்காரர்களை முதலில் பார்த்து ராணுவத்துக்குச் சொன்னது எந்த சாட்டிலைட்டும் இல்லை. காணாமல்போன தன் யாக்கைத் தேடி மலையேறிய தாஷி நம்க்யால் என்ற மேய்ப்பர்!

2008 நவம்பர் 26 இரவு, மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கிய பத்துப் பேரை முதலில் பார்த்து 'யாரப்பா நீங்க?' என்று கேட்டவர்கள் மீனவர்கள். பதிலாக வந்தது அதட்டல். அந்தச் சந்தேகம் போக வேண்டிய காதுக்குப் போய்ச் சேருமுன் துப்பாக்கிகள் வெடிக்க ஆரம்பித்துவிட்டன.

இஸ்ரேலிடம் இல்லாத டெக்னாலஜியா? காஸாவைச் சுற்றி 65 கிலோமீட்டருக்கு சென்சார், கேமரா, ராடார் வேலி. 2021-ல் கட்டி முடித்தார்கள். அந்தத் திரைகளை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் சிப்பாய்கள், 'அந்தப் பக்கம் ஏதோ ஒத்திகை நடக்கிறது' என்று பல மாதமாகச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2023 அக்டோபர் 7-ல் விலை கொடுத்தவர்களில் அந்தப் பெண்களும் உண்டு.

'நம்மிடம்தான் 1093 இருக்கிறதே, கடலோரக் காவல்படையின் 1554 இருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். சந்தேகமான படகைப் பற்றிச் சொல்கிற மீனவரிடம் 'உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்கே என்ன பண்ணினே?' என்று திருப்பிக் கேட்டால், அடுத்த முறை அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

இருவழிச் செய்தி முடியாத காரியமும் இல்லை. 2024 ஆகஸ்டில் பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்த திட்டத்தில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர். கரையிலிருந்து படகுக்கும், படகிலிருந்து கரைக்கும் செய்தி போகும். கடலில் முடிந்தது, மலையிலும் பாலைவனத்திலும் முடியாதா?

எல்லையோர ஜனங்கள் பேசும் மொழியில் மணி அடியுங்கள். அடித்தால் ஓட ஒரு குழி வெட்டிக்கொடுங்கள். தகவல் சொல்பவரின் பெயரை ரகசியமாக வையுங்கள். அவர் சொன்னதற்கு என்ன செய்தீர்கள் என்று பதில் சொல்லுங்கள்.

அந்த போன் இன்னொரு நாள் அலறத்தான் போகிறது. அப்போதாவது 'எதுவும் செய்ய வேண்டாம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்' என்று போடட்டும்.

போட்டால் மட்டும் போதாது. கேட்கவும் வேண்டும்!