விற்பனைக்கு: சக்கரத்தின் மேல் ஒரு வீடு

இவ்வாரப் பத்திக்குப் பொருளாய் அமைந்தது ஒரு விற்பனை விளம்பரம். யாழ்ப்பாணத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பிற் கற்றவர் ஒருவர் இப்போது லண்டனில் மின்னிணைப்பு வேலை செய்கிறார். பழைய சரக்கு வான் ஒன்றை வாங்கி, இரண்டு மாரிகாலம் அதனுள்ளே வேலை செய்து, கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி, கூரையிற் சூரிய மின்தகடு ஆகிய எல்லாம் பொருத்திக் குடும்பத்தோடு ஸ்கொட்லாந்துவரை போய் வந்தவர் அவர். அவ்வானை இப்போது விற்க வேண்டிய நிலை. தாம் எழுதிய விளம்பரத்தைத் திருத்தித் தரும்படி கேட்டு அனுப்பியிருந்தார். வாத்தியார் வேலை விட்டுப் பல்லாண்டுகளாகியும் சிவப்பு மைப் பேனை என்னை விட்டபாடில்லை.

விளம்பரத்தின் முதல் வரியே "எங்கும், எக்காலமும் மின்சாரம், எவரையும் நம்பியிராத வாழ்வு" என்றிருந்தது. அதை முழுவதும் வெட்டினேன். அழகில்லை என்பதற்காக அன்று. இந்நாட்டில் தனியொருவர் தம் வாகனத்தை இன்னொருவருக்கு விற்கும்போது, 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வாங்குபவருக்குத் துணைவராது. அது வியாபாரியிடம் வாங்குவோர்க்கே உரியது. தரத்தை வாங்குபவரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஆனால், 1979 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்கும் பொருள் அதைப்பற்றிச் சொன்ன விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். "உள்ள நிலையில் விற்கப்படும்" என்று அடியில் எழுதிவிட்டாற் போதும் என்று எம்மவர் பலர் நம்புகின்றனர். மேலே எழுதிய பொய்யை அந்த அடிக்குறிப்புக் காப்பாற்றாது. இவ்வகை விற்பனையில் விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாக்குறுதி.

அப்படியானால், மின்கம்பித் தொடர்பின்றி அந்த வான் எத்தனை நாள் தாங்கும்? நான் கலைப் பட்டதாரி. கணக்கு எனக்கு என்றும் சற்றுத் தூரத்து உறவு. ஆகையால் அவரையே கணக்கிடச் செய்தேன். கூரையில் 400 வாற் மின்தகடுகள். கட்டிலுக்குக் கீழே 200 அம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி; 12.8 வோல்ற்றில் அது ஏறக்குறைய இரண்டரை யூனிற் மின்சாரம் வைத்திருக்கும். செலவைப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு அரை யூனிற், விளக்கு, தண்ணீர்ப் பம்பு, தொலைபேசி ஆகியவற்றுக்குக் கொஞ்சம். அவர் காஸ் சிலிண்டரே வைக்கவில்லை. சோறும் கறியும் மின்னடுப்பிலேதான். அதற்கு ஒரு யூனிற். ஆக நாளொன்றுக்கு 1.7 யூனிற்.

தென் இங்கிலாந்தில் ஆனி மாதத்து நல்ல வெயிலில் அத்தகடுகள் ஒன்றரை யூனிற் வரை தரும். குறைவது சிறிதளவே, ஒரு கிழமைக்கு மேல் எவர் தயவுமின்றி இருக்கலாம். மார்கழியிலோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டாம் நாள் முடியுமுன்னரே பற்றரி வெறுமையாகும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வாகனத்தை ஓட்டினால், எஞ்சினிலிருந்து வரும் மின்னேற்றத்தாற் மூன்று நாள் தாக்குப் பிடிக்கும். இன்னொன்று: பூச்சியப் பாகைக்குக் கீழே குளிர்ந்த நிலையில் இவ்வகைப் பற்றரிக்கு மின்னேற்றினால் அது கெட்டுப்போகும். அவர் பொருத்திய கட்டுப்பாட்டுக் கருவி அந்த வேளையில் மின்னேற்றத்தை நிறுத்திவிடும். அது நல்லதே. ஆனால், உறைபனிக் காலையில் வெயில் அடித்தும் பற்றரி ஏறவில்லையே என்று புதிதாய் வாங்குபவர் திகைப்பார் அல்லவா? இவை யாவற்றையும் அப்படியே எழுதச் சொன்னேன். "எக்காலமும்" என்ற ஒரு சொல் இருந்த இடத்தில் ஏழு வரிகள் வந்தன.

அடுத்தது கூரை. முதல் மாரியிற் காற்றாடித் துவாரத்தின் ஓரத்தால் மழைநீர் கசிந்து, உட்பலகையில் உள்ளங்கை அளவு கறை விழுந்தது. அவர் திரும்ப அடைத்தார், பின்னர் ஒழுக்கில்லை. "சேர், அதையும் எழுதினால் ஆர் வருவினம்?" என்று கேட்டார். கேளாததையெல்லாம் தானாகச் சொல்லவேண்டுமென்று தனியார் விற்பனையிற் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்டதற்குப் பொய் சொன்னால்தான் 1967 ஆம் ஆண்டின் சட்டம் கழுத்தைப் பிடிக்கும். வீதிக்குத் தகுதியற்ற வாகனத்தை விற்பது வேறு கதை, அது குற்றமே. எனினும், கைவேலை வானுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் கிடையாது. கட்டியவரின் வாய்ச்சொல்லே உத்தரவாதம். "கறையைப் படம் பிடித்துப் போடும், தம்பி" என்றேன். அரை மனத்தோடு போட்டார்.

நிறை பற்றி அவர் ஒன்றுமே எழுதவில்லை. 1997 ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பின்னர் இந்நாட்டில் மோட்டார்க் கார்ப் பரீட்சையிற் சித்தியடைந்தவர்கள் பொதுவாக 3,500 கிலோ வரையான வாகனமே ஓட்டலாம். அதற்கு முன்னர் சித்தியடைந்தோர்க்கு 7.5 தொன் வரை உரிமை உண்டு. எழுபது வயதானபின் மருத்துவச் சான்றின்றி அவ்வுரிமை தொடராது. பொது நிறுவைத் தளத்தில் வானை ஏற்றிப் பார்த்தபோது, ஆட்களும் தண்ணீரும் இன்றி 3,050 கிலோ. அனுமதி 3,500. மீதி 450 கிலோவில் இருவர் ஏறி, 90 லீற்றர் தண்ணீரும் நிரப்பினால், உடை, உணவு, சைக்கிள் எல்லாவற்றுக்குமாக எஞ்சுவது 210 கிலோவே. எங்கள் குடும்பங்கள் பயணம் போகும்போது அரிசி மூட்டையும் அம்மியும் மட்டுந்தான் மிச்சம் விடுவோம் என்பதையும் கணக்கிற் கொள்க.

பதிவுப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் மட்டும் ஒரு வான் "மோட்டார் கரவன்" என்று பதிவாகிவிடாது. பக்கச் சாளரங்கள், உயர்ந்த கூரை, வெளிப்புறத்தில் அவ்வகை வண்டிக்குரிய வரைகோலம், நிழற்கூடாரம் என வெளித்தோற்றத்தையும் பார்ப்பார்கள். இவர் வானில் வரைகோலமும் கூடாரமும் இல்லை. புத்தகத்தில் "பக்கச் சாளரங்கள் கொண்ட வான்" என்றே இருக்கிறது. வாங்குபவர் காப்புறுதி நிறுவனத்திடம் முன்னரே கேட்டறிய வேண்டும் என்பதால் அதுவும் விளம்பரத்தில் ஏறியது. லண்டனில் உள்ளோர் புகைக் கட்டணத்தையும் பார்ப்பர்: 2023 ஓகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் அது விரிந்தது, தரத்துக்குட்படாத வானுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண். இது 2017 ஆம் ஆண்டு வண்டி, யூரோ 6 டீசல்; தப்பியது.

விலைக்கு வந்தபோதுதான் உண்மையான வருத்தம் வெளிப்பட்டது. வானுக்கு 13,000 பவுண், பொருட்களுக்கு 9,400 பவுண்; பற்றுச்சீட்டுகள் உண்டு. அவர் கேட்டது 28,000. அந்த மேலதிகத்தில் அவருடைய இரண்டு மாரிகாலம் மட்டுமன்று, அவருடைய தந்தையாரின் கையும் இருந்தது. தந்தையார் சாவகச்சேரியிற் தச்சுவேலை செய்தவர். அலுமாரிகளை ஆஷ் மரத்தில், ஆணியின்றிப் பொருத்துப் பிடித்து இழைத்தவர் அவரே. சென்ற ஆண்டு பாரிசவாதம் அவரது வலப்பக்கத்தை வாங்கிவிட்டது. மேல்மாடிக் குளியலறைக்கு ஏற முடியாது. கீழே ஒரு குளியலறை கட்டவே இந்த விற்பனை. உள்ளூராட்சி சபையிடம் ஊனமுற்றோர் வசதி மானியம் கேட்கலாம். இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை, வருமானமும் சேமிப்பும் ஆராய்ந்து தருவர். விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துள் முடிவு சொல்லவேண்டும் என்பது விதி. முடிவு வருமுன் வேலையைத் தொடங்கினால் மானியம் கிடைப்பது அரிது. பொறுத்திருக்கலாம் என்றேன் நான். ஆறு மாதம் அப்புவைத் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது என்றார் அவர். அதற்கு மேல் நான் பேசவில்லை.

வாங்குபவர் மரப்பொருத்தை மெச்சுவார். மணித்தியாலத்துக்குக் கூலி தரமாட்டார். 22,500 என்று போடச் சொன்னேன். முதலில் வந்த செய்தி, வண்டியைப் பார்க்காமலே முகவர் மூலம் வங்கிக் காசுக்கட்டளை அனுப்புவதாகச் சொன்னது. அவ்வகைக் காகிதம் போலியாகவும் வரும், பதில் எழுதவேண்டியதில்லை. அடுத்து எம்மவர் இளந்தம்பதியர். மிகவும் விரும்பினார்கள். ஆனால், மாரி முழுவதும் வானிலேயே இருந்து வேலைக்குப் போக நினைத்திருந்தார்கள். மார்கழிக் கணக்கை வாசித்ததும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். மாணவர் அன்றிரவு என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தாதி. கறைப் படத்தைப் பார்த்துவிட்டு ஈரமானியுடன் வந்தார். கூரையைத் தட்டித் தடவிப் பார்த்து, 20,500 என்றார், முடிந்தது. பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததைக் கண்ட பின்னரே திறப்பு கைமாறியது. பதிவுப் புத்தகத்தின் பச்சைத் துண்டு அவருக்கு. உரிமைமாற்றத்தை அன்றே கணினியில் அறிவித்தார்கள். 2014 ஒக்ரோபர் 1 முதல் வீதி வரி வண்டியோடு போவதில்லை. ஆகவே அவர் புதிதாய் வரி கட்டிய பின்னரே ஓட்டினார்; இவருக்கு மீதி முழு மாதங்களின் வரி திரும்ப வரும். நண்பர்கள் இருவர் தமக்கும் ஒரு வான் கட்டி விற்கும்படி கேட்கிறார்களாம். அப்படித் தொழிலாய்த் தொடங்கினால் அவர் வியாபாரியாவார். பழுதுள்ளதை முப்பது நாளுள் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்குபவருக்கு வந்துவிடும். அதை அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

புறப்படுமுன் தந்தையார் தம்மைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவரச் செய்து, லாச்சியை இழுக்குமுன் சற்றே மேலே தூக்கவேண்டும் என்பதை இடக்கையாற் காட்டிக் கொடுத்தாராம். அந்த அம்மையார் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மிஞ்சிய ஆஷ் பலகை இரண்டு கராஜில் நிற்கின்றன. குளியலறைக் கதவின் அகலம் எவ்வளவு என்று கிழவர் நாளும் கேட்டபடி.