மீண்டு வந்த அயேஷா

ஒரு நாவல் நன்றாயிருந்தால் அதற்கு இரண்டாம் பாகம் வேண்டுமென்று கேட்பது வாசகரின் இயல்பு. அவ்விருப்பத்திற்கு ஆசிரியரும் பதிப்பாளரும் இணங்குதல் அதனினும் இயல்பு. காதலும் மாயமும் கலந்த ஆங்கில நாவல்கள் இக்காலத்தில் மூன்று, ஐந்து என்று வரிசையாகவே வெளிவருகின்றன. நம் மாணவருள்ளும் அவற்றை நள்ளிரவு வரையில் கண்விழித்துப் படிப்பார் பலர். இரண்டாம் புத்தகத்தை முடித்து முகம் வாடியிருப்பவரைக் காரணம் வினவினால், முதலாவதைப்போல் இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாது விழிக்கின்றார். அக்குறை எங்கே பிறக்கின்றது என்பதை, அவ்வகையிற் பழையதொரு நூலைக்கொண்டு ஆராய்தல் தகும்.

ரைடர் ஹாக்கார்டு என்னும் ஆங்கில ஆசிரியரின் ‘ஷீ’ 1887ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ‘அவள்’ என்பதே அப்பெயரின் பொருள். காம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹாலி என்னும் அறிஞரும், அவர் வளர்த்த லியோ என்னும் இளைஞனும், பழைய ஓட்டுச்சில்லொன்றிற் பொறித்த வாசகத்தை நம்பி ஆப்பிரிக்காவின் சதுப்புநிலங்களைக் கடந்து கோர் என்னும் பாழ்நகரை அடைகின்றனர். அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மூப்பின்றி வாழ்கின்றாள் அயேஷா. பொறாமையால் தன் கையாலேயே கொன்ற காதலன் மறுபிறப்பெடுத்து வருவானென்று, அவனுடலைப் பாதுகாத்து அவள் காத்திருக்கின்றாள். வந்த லியோவே அவனென்று துணிகின்றாள். லியோவிடம் அன்புபூண்ட உஸ்தானே என்னும் பெண் அகன்று போகும்படி ஆணையிடப்பட்டும் அகலாமல் உயிரிழக்கின்றாள். அவளுடல் கிடக்கும் இடத்திலேயே லியோ அயேஷாவின் அழகுக்கு அடிமையாகின்றான். அக்காட்சியைப் படிக்கும் நமக்கே நாணமுண்டாகின்றது. ஆசிரியர் வேண்டுவதும் அதுவே. ஆப்பிரிக்க மக்களை அவர் சித்திரித்த முறை இன்று நம்மால் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் காதலின் கீழ்மையை மறைக்காமற் காட்டிய துணிவு அவருடையது.

இறுதியில் உயிர்த்தீயினுட் புகுமாறு லியோவை அழைக்கின்றாள். அவனுடைய அச்சத்தைப் போக்கும்பொருட்டுத் தானே முதலில் இரண்டாம் முறையாக அதனுட் புகுந்து, கண்ணெதிரே வற்றிச் சுருங்கி மடிகின்றாள். மீண்டும் வருவேன் என்பது அவள் சாகும்போது கூறிய சொல். வருவாளா என்பது ஹாலிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. புத்தகத்தை மூடியபின்னும் அந்த ஐயமே நெஞ்சில் நின்று உறுத்தியது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1905இல், ‘அயேஷா’ வந்தது. இதனைத் தொடர்ச்சி நூலாகத் தாம் கருதவில்லை என்றும், பாதி வெளியான ஒரு துன்பக் கதையின் முடிவாகக் கொள்ளவேண்டும் என்றும் ஆசிரியர் முகப்பிலேயே வேண்டிக்கொள்கின்றார். வேண்டுகோள் நேர்மையானதே, நூல்தான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இம்முறை இடம் மத்திய ஆசியா. பனிமலைகள், பௌத்த மடம், எரிமலைமேல் ஒரு கோயில் என யாவும் உள. மலையேறும் பகுதிகள் திறம்பட எழுதப்பட்டவை. அவற்றில் யாம் குறை காணோம்.

நூலின் நடுவே ஓர் உயர்ந்த கட்டம் உண்டு. பிணத்தைப்போல் துணிசுற்றியிருந்த உருவம் தன் போர்வையை நீக்குகின்றது. உள்ளே இருப்பவள் அருவருக்கத்தக்க கிழவி. அவளே அயேஷா. அருகே அழகும் அரசும் உடைய அத்தேனே நிற்கின்றாள். இருவருள் ஒருத்தியை லியோ தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு அழகைக் கண்டு நிலையிழந்தவன், இப்பொழுது அக்கிழவியின் நெற்றியில் முத்தமிடுகின்றான். உஸ்தானேயின் உடலருகே அவன் அடைந்த இழிவுக்கெல்லாம் இது கழுவாய். இங்கே கதை நின்றிருக்குமாயின், அல்லது அக்கிழவியோடு அவன் வாழவேண்டிய நாட்களைச் சொல்லப் புகுந்திருக்குமாயின், இரண்டாம் நூல் முதலாவதை விஞ்சியிருக்கும் என்பது எமது துணிபு.

ஆசிரியரோ அஞ்சிவிட்டார். முத்தமிட்டுச் சிறிது நேரத்திற்குள் அவள் பழைய பேரழகியாக மாறிவிடுகின்றாள். லியோ கொடுத்த விலை அப்படியே அவன் கையிலேயே திரும்பிவிடுகின்றது! விலையே இல்லாத தியாகத்தில் வாசகன் எதற்காகக் கண்கலங்க வேண்டும்? முன்னூலில் நம் எதிரே நிகழ்ந்த அந்தச் சாவும் இதனால் பொருளற்றதாகின்றது. தீயில் மடிந்தது ஆடை மாற்றியதற்கு ஒப்பாகிவிட்டது.

அதன்பின் அவளுடைய ஆற்றலுக்கு எல்லையே இல்லை. இரும்பைப் பொன்னாக்குகின்றாள், புயலை ஏவிப் படையை அழிக்கின்றாள். கோரில் அவளுக்கும் இயலாதவை சில இருந்தமையால் நமக்கு அவள்மேல் அச்சமும் இரக்கமும் ஒருங்கே எழுந்தன. இங்கே அவள் செய்ய முடியாதது யாதென்று தேடவேண்டியிருக்கின்றது. முடிவில் அவளுடைய தழுவலைத் தாங்காது லியோ இறக்கின்றான். துயரமான முடிவுதான். ஆனால் ஒருமுறை சாவிலிருந்து மீட்டுக் காட்டிய கதையில் மற்றொரு சாவை நம்ப மனம் ஒருப்படுவதில்லை.

மீண்டும் வருவேன் என்று முன்னூலிலேயே சொல்லியிருக்க, வாக்கை நிறைவேற்றியது குற்றமா என்று கேட்பாருளர். அவள் வந்ததில் எமக்குத் தடையில்லை. வந்தவள் எதையும் இழவாமல் வந்ததே குறை.

ஹாக்கார்டு பின்னும் இருமுறை அவளை எழுதினார். 1921இல் வந்த நூலும் 1923இல் வந்த நூலும் அவள் தீயில் மடிவதற்கு முந்திய காலத்துக் கதைகளையே கூறுகின்றன.