பேட்டரிக்காக நின்ற விமானங்கள்

சிங்கப்பூர் செல்லும் மகனைத் திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பும் ஸ்ரீரங்கத்து அம்மா, ‘பத்திரமா போய்ச் சேரணும் ரங்கநாதா’ என்று வேண்டிக்கொள்வார். அந்த வேண்டுதலுக்குத் துணையாக ஒரு சட்டமும் உண்டு. அதன் பெயர் ‘ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்’.

ஒரு பாகத்தில் ஆபத்தான குறை தெரிந்தால், கெடுவுக்குள் சரிசெய்தே ஆக வேண்டும். தவறினால் பறக்க முடியாது. எஞ்சின் இல்லாத கிளைடருக்கும் இதே விதிதான்.

2013 ஜனவரியில் இரண்டு ட்ரீம்லைனர் விமானங்களில் லித்தியம் பேட்டரி சூடாகிப் புகைந்தது. உடனே உலகம் முழுக்க 50 ட்ரீம்லைனர்கள் நிறுத்தப்பட்டன. ஏர் இந்தியாவின் 6 விமானங்களையும் டிஜிசிஏ நிறுத்தியது. பேட்டரியை மாற்றியமைத்து, எஃகுப் பெட்டிக்குள் வைத்த பிறகே மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது.

வீட்டில் சுவிட்ச் பொறி தட்டினால், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்கிறோம். விமானத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டிலும் வேண்டாமே!