சீட்டும் சீர்தூக்கலும்

மூன்றாம் ஆண்டு, கணிதவியல்

சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். சீட்டாடிக் கெட்ட குடும்பம் ஒன்றேனும் இல்லாத ஊர் உண்டா? ஆகவே பெரியவர்களின் வெறுப்பில் நியாயம் இருக்கிறது. மறுபுறம், கைபேசியில் சீட்டாடும் இளைஞரை நெருங்கிக் கேட்டால், “இது சூது இல்லை, திறமை” என்று ஒரே சொல்லில் நம் வாயை அடைத்துவிடுகிறார். ஒரு சாரார் எல்லாச் சீட்டையும் சூது என்கின்றனர். மறு சாரார் எல்லாச் சீட்டையும் திறமை என்கின்றனர். இரு சாராரும் சீட்டைப் பார்க்கிறார்கள். ஆடுகிறவன் எந்த இடத்தில் சிந்திக்கிறான் என்பதை எவரும் பார்ப்பதில்லை. அந்த இடத்தைக் கண்டுகொண்டால்தான் இந்த வழக்குத் தீரும் என்பது என் கருத்து.

மூன்று வகை ஆட்டங்கள்

மங்காத்தாவை எடுத்துக்கொள்வோம். சீட்டைக் கலைத்துப் போடுகிறார்கள். கேட்ட சீட்டு உள்ளே விழும் அல்லது வெளியே விழும். பணம் வைத்தவன் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. நாணயத்தைச் சுண்டிப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

அடுத்தது ரம்மி. கைக்கு வரும் பதின்மூன்று சீட்டும் அதிர்ஷ்டத்தின் வேலை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எதிரி எதை எடுத்தான் என்று நினைவில் வைப்பது ஆகியவை மூளையின் வேலை. 1967-இல் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி முழுக்க முழுக்க வாய்ப்பை நம்பியதன்று, அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று கூறியதும் இக்காரணம் பற்றியே.

மூன்றாவது வகையை நம் திண்ணைகள் அறியா. அதில் ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வர வேண்டும். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் ‘மேஜிக்’ என்னும் ஆட்டத்தை இவ்வகையில் உருவாக்கினார். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதில் கணித மாணவனாகிய எனக்குச் சற்றே பெருமை உண்டு. 2014-இல் பிளிஸார்ட் நிறுவனம் ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற பெயரில் கணினியில் ஆடத்தக்க ஆட்டம் ஒன்றை வெளியிட்டது; பின்னர் அது கைபேசிக்கும் வந்தது. அதன் விதி எளிது. நூற்றுக்கணக்கான சீட்டுகளிலிருந்து முப்பதைத் தேர்ந்து ஒரு கட்டாக்க வேண்டும். ஒரே சீட்டை இரண்டுக்கு மேல் சேர்க்கலாகாது. அரிய சீட்டுகளாயின் ஒன்றே ஒன்று. சீட்டை இறக்க ‘மானா’ என்னும் விலை கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரு மானா, அடுத்த சுற்றில் இரண்டு என்று ஏறிப் பத்தோடு நிற்கும். எதிரியின் முப்பது உயிர்ப் புள்ளிகளைத் தீர்த்தவர் வென்றவர்.

வலியும் காலமும் இடமும்

இவ்வாட்டத்தில் ஆண்டுக்குச் சில முறை புதுச் சீட்டுகள் வெளிவருகின்றன. அவை கைக்கு வருமுன்பே படம் வந்துவிடும். அப்போது தொடங்கும் விவாதத்தைக் கேட்டால், தேர்தலுக்கு முன் தேநீர்க்கடையில் நடப்பது நினைவுக்கு வரும். இந்தச் சீட்டு ஆளும் என்பார் ஒருவர். இது குப்பை என்பார் மற்றவர். சீட்டை மதிப்பிட வழிதான் என்ன?

வள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதை நாம் அறிவோம். அதே பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதுச் சீட்டை அளக்க இம்மூன்றையும்விடச் சிறந்த அளவுகோலை நான் கண்டதில்லை.

முதலில் வலி. ஹார்த்ஸ்டோனின் பழைய, சாதாரணச் சீட்டுகளில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு மானாச் சீட்டு ஒன்றுக்குத் தாக்கும் வலிமை 2, தாங்கும் வலிமை 3, கூட்டினால் 5. நான்கு மானாச் சீட்டுக்கு 4, 5, கூட்டினால் 9. ஆறு மானாச் சீட்டுக்கு 6, 7, கூட்டினால் 13. விலையை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வலிமை வருகிறது. புதுச் சீட்டு இந்த அளவுக்குக் குறைந்தால், அந்தக் குறைக்கு ஈடாக என்ன தருகிறது என்று கேட்க வேண்டும். மிகுந்தால், அந்த மிகைக்கு எதைப் பறிக்கிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்தது காலம். பத்து மானாச் சீட்டு எவ்வளவு வலியதாயினும் பத்தாம் சுற்றுக்கு முன் அது பெரும்பாலும் வெறும் காகிதம். அதுவரை உயிரோடிருக்க வழி செய்யாதவன், வெள்ளம் வந்தபின் ஏரிக்கரைக்கு மண் சுமப்பவனைப் போன்றவன். இன்னொரு கணக்கும் உண்டு. முதலில் ஆடுபவர் மூன்று சீட்டோடு தொடங்கிச் சுற்றுக்கு ஒன்றாக எடுக்கிறார். கையிலுள்ளதை மாற்றாமல் ஆடினால் ஐந்தாம் சுற்றில் அவர் பார்த்தவை எட்டுச் சீட்டுகள். கட்டில் இரண்டு பிரதிகள் வைத்த ஒரு சீட்டு அதற்குள் ஒரு முறையேனும் வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 47 தான். ஐந்தாம் சுற்றில் அது என் கையில் இருக்கும் என்று திட்டமிடுபவர் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாறுவார். அச்சீட்டு வராவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும் கட்டே நல்ல கட்டு.

மூன்றாவது இடம். 2014-இல் வந்த ‘அண்டர்டேக்கர்’ என்ற ஒரு மானாச் சீட்டுக்கு 1, 2 என்ற வலிமையே உண்டு. மேற்சொன்ன சூத்திரப்படி அது சராசரிச் சீட்டு. ஆனால் இறக்கும் வேளையில் ஏதேனும் ஒரு பயன் தரும் சீட்டுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று இறங்கும்போதெல்லாம் அண்டர்டேக்கரின் இரு வலிமையும் ஒவ்வொன்று ஏறும். அத்தகைய தோழர் நிறைந்த கட்டில் அது நான்காம் சுற்றுக்குள் பூதமாய் வளர்ந்து நின்றது. 2015 ஜனவரியில் நிறுவனமே தலையிட்டு, தாக்கும் வலிமை மட்டும் ஏறும்படி மாற்ற வேண்டியதாயிற்று. தனியே எடுத்துப் பார்த்தால் அச்சீட்டில் ஒன்றுமில்லை. அதன் மதிப்பு அதன் அண்டையில் இருந்தது.

மேஜிக் ஆட்டத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1995-இல் வந்த ‘நெக்ரோபொடன்ஸ்’ என்ற சீட்டை இறக்கியவர் வழக்கமாக எடுக்கும் சீட்டை இழப்பார். தம் உயிர்ப் புள்ளி ஒன்றுக்கு ஒரு சீட்டாக வாங்கிக்கொள்ளலாம். உயிரைக் கொடுத்துச் சீட்டு வாங்குவார் உண்டோ என்று தொடக்கத்தில் பலர் அதை ஒதுக்கினர். ஆனால் ஆட்ட முடிவில் ஒரு புள்ளி மிஞ்சினாலும் வெற்றி வெற்றியே. மிச்சப் புள்ளிகளைப் பூட்டி வைத்து என்ன பயன்? இதை உணர்ந்தவர்கள் அமைத்த கட்டுகளே 1996-ஆம் ஆண்டுக் கோடையில் போட்டிகளை ஆண்டன.

இப்படிச் சீர்தூக்கத் தெரிந்தவர்க்குப் பிறந்த ஊர் தடையாவதில்லை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுகள் காட்சிப் போட்டியாக இடம்பெற்றன. அதில் ஹார்த்ஸ்டோன் ஆடி வெண்கலம் வென்றவர் தீர்த் மேத்தா. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பூஜ் நகரத்துக்காரர். காட்சிப் போட்டியாதலால் அப்பதக்கம் நாட்டின் கணக்கில் சேரவில்லை. எனினும் பெருநகரத்தில் பிறக்காதவரும் அந்த மேடைக்குப் போகலாம் என்பதற்கு அது சான்று.

நம்மூர்க் குடத்தில் இட்ட ஓலைகள்

தேர்ந்து வைத்துப் பின் குலுக்கும் இந்த முறை உத்திரமேரூருக்குப் புதியதா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல், வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள். குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டு எல்லாரும் கேட்கப் படிக்க வேண்டும். விரலிடையில் வேறோலை ஒளியக் கூடாதல்லவா!

ஓலையை எடுப்பது முற்றிலும் அதிர்ஷ்டம். அதற்காக நம் முன்னோரைச் சூதாடிகள் என்று எவரேனும் சொல்வாரா? சொல்லார். ஏனெனில் குலுக்குமுன்பே அவர்கள் சிந்தித்து முடித்திருந்தனர். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர்க்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. இவ்வாறு வடிகட்டி எடுத்த முப்பதின்மருள்ளும், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர், கல்வியிலும் வயதிலும் மூத்தவர் எனச் சீர்தூக்கிப் பன்னிருவரை ஆண்டு வாரியத்துக்கு அனுப்பினர். பன்னிருவரைத் தோட்டத்துக்கும், அறுவரை ஏரிக்கும் வைத்தனர். வலி, காலம், இடம் மூன்றும் இங்கே இருக்கின்றன.

அதே கல்வெட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும் என்ற நிபந்தனைகளால் உழைத்த மக்களில் பெரும்பாலோரின் பெயர் குடத்தருகே வரவே இல்லை. குலுக்கல் நேர்மையாக நடந்தது. குடத்தில் எதை இடுவது என்ற அதிகாரம் ஒரு சிலர் கையில் இருந்தது. எந்த ஆட்டத்திலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கட்டை அமைப்பவர் யார்?

பணம் நுழைந்தால்

இக்கேள்வியோடு இன்றைய வழக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் இயற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டம், இணையவழி ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்களே என்று கூறிப் பட்டியலின் அப்பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா வாய்ப்பா என்ற வினாவையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் கூடாது என்றது. மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்க இடம் தந்தது.

இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கிறேன். ரம்மியில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. திறமை என்பது தோற்றுத் தோற்று வளர்வது. புதுச் சீட்டை ஐம்பது முறை தவறாக ஆடினால்தான் அதன் இடம் புலப்படும். ஒவ்வொரு தோல்விக்கும் விலை வைத்துவிட்டால் பணமுள்ளவன் பாடம் படிப்பான். கூலி வேலை பார்ப்பவனுக்கோ பாடம் முடியுமுன் பை காலியாகிவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் தரகு எடுக்கும் நிறுவனம் மட்டும் ஒருபோதும் தோற்பதில்லை.

ஹார்த்ஸ்டோன் போன்ற ஆட்டங்களும் இக்குற்றத்திலிருந்து முற்றிலும் தப்பவில்லை. அங்கே சீட்டுகளை மூடிய உறையாக விற்கிறார்கள். உறைக்கு ஐந்து சீட்டு. உள்ளே இருப்பது தெரியாது. மிக அரிய சீட்டு சராசரியாக இருபது உறைக்கு ஒன்று என்று நிறுவனமே அறிவித்தது. ஆடியே உறை சம்பாதிக்க வழியுண்டு என்றாலும், காசு கொடுத்து உறை பிரிக்கும் அந்தக் கணத்தில் ஆடுபவன் மங்காத்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறான். வாங்கிய சீட்டின் வலிமையை மறு மாதமே குறைக்கும் உரிமையும் விற்றவருக்கே உண்டு. பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல், சில ஆட்டங்களில் விற்ற இத்தகைய மூடிய பெட்டிகளைச் சூது என்றே முடிவு செய்தது.

நாம் செய்யத்தக்கது

ஆகவே மாணவ நண்பர்களே, சீட்டை அஞ்சவும் வேண்டா, சீட்டுக்கு அடிமையாகவும் வேண்டா. சிந்தனை எங்கே நடக்கிறது, பணம் எங்கே நுழைகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். சிந்தனை குலுக்கலுக்கு முன் நடந்து, பணம் எங்கும் நுழையாவிட்டால் அது நல்ல கணிதப் பயிற்சி. தோற்றபோது அதிர்ஷ்டத்தைத் திட்டாமலும், வென்றபோது தம்மையே மெச்சிக்கொள்ளாமலும், நான் வைத்த முப்பதும் சரிதானா என்று பார்க்கப் பழகியவன் வயலிலும் கடையிலும் தேர்வு அறையிலும் அவ்வாறே பார்ப்பான்.

நம் கல்லூரிக் கணித மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அட்டையை வெட்டி நாமே சீட்டுச் செய்து, ஆளுக்கு முப்பதாக ஒரு போட்டி நடத்தலாம். நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் வேண்டா. புதுச் சீட்டு ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் அதற்கு எவ்வளவு மதிப்பு, ஏன் என்று தேதியிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதம் ஆடியபின் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். வாயால் சொன்ன கணிப்பு காற்றோடு போகும். எழுதியது நம்மைக் கணக்குக் கேட்கும். இந்த ஊர்ச் சபை தன் விதியைக் கல்லில் எழுதியதால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் நிறையையும் குறையையும் நம்மால் நிறுத்துப் பார்க்க முடிகிறது.