‘அதெல்லாம் வேலை கிடைச்சிடும் தம்பி!’ – வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய மூன்று கடிகாரங்கள்

அம்பத்தூர் ஓ.டி.யில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரை ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் கோச்சிங், ஜெர்மன் கிளாஸ், ‘ஸ்டடி அப்ராட்’ என ஏதாவது ஒரு போர்டு கண்ணில் பட்டுவிடும். சுற்றிலும் இன்ஜினீயரிங் கல்லூரிகள். ஃபைனல் இயர் வந்தாலே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: “எந்த யுனிவர்சிட்டி? ஃபீஸ் எவ்வளவு? விசா கிடைக்குமா?”

இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. நான்காவது கேள்விதான் சிக்கல்: “படிச்சு முடிச்சா அங்கேயே வேலை கிடைக்குமா?” பெரும்பாலும் வரும் பதில், “அதெல்லாம் கிடைச்சிடும் தம்பி” என்பதுதான். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கும் முடிவுக்கு இந்தப் பதில் போதுமா?

மூன்று கடிகாரங்களா?

ஆமாம். விமானம் ஏறும் நாளில் மூன்று கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று படிப்பு, இரண்டாவது விசா, மூன்றாவது கல்விக் கடன்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். ஓராண்டு எம்.எஸ். படிப்புக்கு 30 லட்சம் ரூபாய் கடன், 10% வட்டி. மொத்தப் பணமும் தொடக்கத்திலேயே வாங்கியாச்சு என்று வையுங்கள். இரண்டு ஆண்டு தனிவட்டி மட்டும் 6 லட்சம். பிறகு 36 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க, மாதத் தவணை ஏறக்குறைய 47,500 ரூபாய். வேலை கிடைத்ததா இல்லையா என்று வங்கி பார்த்துக்கொண்டிருக்காது. வங்கிக்கு வங்கி விதி மாறும் என்பதால், கையெழுத்து போடும் முன் ‘தவணை எந்த மாதம் ஆரம்பம்?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டில் எவ்வளவு நேரம்?

பிரிட்டன்: படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு தங்கி வேலை பார்க்க ‘கிராஜுவேட் விசா’ உண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான் (பிஹெச்.டி முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு தொடர்கிறது). அதற்குள் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்கு மாற வேண்டும். இதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு 33,400 பவுண்டு. அந்த வேலைக்கென நிர்ணயித்த சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பட்டதாரி நிலைக்குக் கீழான பெரும்பாலான வேலைகளுக்குப் புதிய ஸ்பான்சர்ஷிப் கதவும் அன்றே மூடிவிட்டது.

அமெரிக்கா: 2024-25ல் அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்களில் 3,63,019 பேருடன் இந்தியர்கள்தான் முதலிடம். படிப்பு முடித்தவர்களுக்கு 12 மாத ‘ஓபிடி’. அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினீயரிங், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம். ஆனால், முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நீட்டிப்பு கிடைத்தால் இரண்டும் சேர்த்து 150 நாள். அடுத்தது எச்-1பி: ஆண்டுக்கு 65,000 இடமும், அமெரிக்காவில் முதுநிலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடமும். 2026 பிப்ரவரி 27 முதல் குலுக்கலிலும் மாற்றம். அதிகச் சம்பள நிலையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. ஆரம்ப நிலைச் சம்பளக்காரர்களுக்குக் குறைவு. புதுசாகப் படிச்சு முடிச்சவங்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், அங்கேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை அக்டோபரில் தெளிவுபடுத்தியது.

ஜெர்மனி: படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம். அங்கேயே பட்டம் வாங்கி மூன்று ஆண்டுக்குள் வேலையில் சேர்பவர்களுக்கு ‘புளூ கார்டு’ சம்பள வரம்பு 2026ல் சுமார் 45,900 யூரோ. புளூ கார்டு வாங்கி, பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

கனடா: படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆனால் 2024 நவம்பர் முதல் மொழித் தேர்வு மதிப்பெண் கட்டாயம். டிப்ளமோ மாதிரியான கல்லூரிப் படிப்புகளுக்கு, என்ன பாடம் என்பதையும் பார்க்கிறார்கள். ‘ஏதாவது ஒரு காலேஜ், ஏதாவது ஒரு கோர்ஸ்’ என்ற பழைய ஃபார்முலா இனி வேலைக்கு ஆகாது.

கவனித்தீர்களா? எந்த நாடும் வேலை தருவதாகச் சொல்லவில்லை. வேலை தேட நேரம் தருகிறது, அவ்வளவுதான். அந்த நேரமும் அரசு மாறினால், கொள்கை மாறினால் குறையலாம்.

பார்ட் டைம் பார்த்துச் சமாளிக்கலாமா?

சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம். கடனை அடைக்க முடியாது. பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். அமெரிக்காவில் 20 மணி நேரம், அதுவும் கேம்பஸுக்குள். கனடாவில் கேம்பஸுக்கு வெளியே 24 மணி நேரம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டன் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. இன்னொருவர் அக்கவுன்ட்டில் லாகின் செய்து ஃபுட் டெலிவரி ஓட்டுவது ‘எல்லாரும் பண்றதுதானே’ என்று தோன்றலாம். பிடிபட்டால் விசாவே போய்விடும்.

அதைவிடப் பெரிய இழப்பு நேரம். வேர்ஹவுஸ் ஷிப்ட் முடித்து அசந்து தூங்கும் நாளில் விண்ணப்பம் போட முடியாது. முடிந்தவரை படிப்பு சார்ந்த வேலையைத் தேடுங்கள். ஜெர்மனியில் ‘வெர்க்ஷ்டுடென்ட்’ என்று, நிறுவனங்களே மாணவர்களைத் துறை சார்ந்த வேலைக்குப் பகுதி நேரமாக எடுக்கின்றன. நிரந்தர வேலைக்கு அது நல்ல வாசல்.

சரி, எப்போது தேடத் தொடங்குவது?

இங்கிருந்து கிளம்பும் முன்பே. பிரிட்டனில் பெரிய நிறுவனங்களின் பட்டதாரித் திட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் திறக்கின்றன. அமெரிக்காவில் அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் ஆள்சேர்ப்பும் அதே மாதங்களில் சூடுபிடிக்கும். அதாவது, நீங்கள் ஃபிளைட்டை விட்டு இறங்கி, வாடகைக்கு ரூம் தேடிக்கொண்டிருக்கும் நேரம். பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால், முதல் ரவுண்டு முடிந்திருக்கும். எனவே ரெஸ்யூமே இங்கேயே தயாராக இருக்கட்டும்.

எங்கே தேடுவது?

முதலில், ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் எது என்று பாருங்கள். பிரிட்டன் அரசு, உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் முழுப் பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. எச்-1பி அனுமதி வாங்கிய நிறுவனங்களின் தரவை அமெரிக்கக் குடியேற்றத் துறை தளத்தில் பெயர் போட்டே தேடலாம். ஓபிடி நீட்டிப்பு வேண்டுமென்றால், அந்த நிறுவனம் ‘இ-வெரிஃபை’யில் பதிவு செய்திருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் 300 விண்ணப்பம் போடுவதைவிட, பார்த்து 30 போடுவது மேல்.

அடுத்தது மொழி. ஜெர்மனியில் பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். பல ஆலைகளில் மீட்டிங் ஜெர்மனில்தான். ஏ1 முடித்துவிட்டு ‘அங்கே போய் மிச்சத்தைப் பார்த்துக்கலாம்’ என்பவர்கள், அந்த 18 மாதத்தில் பாதியை கிளாஸிலேயே கழிக்க நேரிடும்.

மூன்றாவது, சீனியர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு “அண்ணா, ரெஃபரல் கிடைக்குமா?” என்று ஒற்றை வரி மெசேஜ் அனுப்பாதீர்கள். “அக்கா, உங்க டீம்ல புதுசா சேர்றவங்ககிட்ட என்ன எதிர்பார்ப்பாங்க?” என்று கேளுங்கள். பதில் வரும் வாய்ப்பு அதிகம். ரெஃபரலும் பின்னாலேயே வரலாம்.

நம்ம ஏரியாவுக்கு என்ன சாதகம்?

இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகப் பட்டறைகள், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய், ஒரகடத்தில் டைம்லரின் டிரக் ஆலை. இந்த பெல்ட்டில் இரண்டு ஆண்டு தரக் கட்டுப்பாட்டிலோ, சப்ளை செயினிலோ வேலை பார்த்துவிட்டுப் போகிறவரின் ரெஸ்யூமேவும், கல்லூரியிலிருந்து நேராகப் போகிறவரின் ரெஸ்யூமேவும் ஒன்றல்ல. கடனும் கொஞ்சம் குறையும்.

பணம் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப் கிடைக்குமாமே?

வேண்டாம். பிரிட்டனில் வெளிநாட்டு ஊழியருக்காகச் செலுத்தும் திறன் கட்டணத்தை நிறுவனம்தான் கட்ட வேண்டும். ஊழியர் தலையில் கட்டக் கூடாது. கனடாவிலும் வெளிநாட்டு ஊழியர் அனுமதிக்கான கட்டணம் முதலாளியின் பொறுப்பு. ‘இவ்வளவு கொடு, ஆஃபர் லெட்டர் ரெடி’ என்று யாராவது சொன்னால், அது வேலை இல்லை, வியாபாரம்.

அப்போ, போகவே வேண்டாமா?

அப்படி இல்லை. கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கன்சல்டன்சியில் அடுத்த முறை உட்காரும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: இந்த கோர்ஸ் முடித்தால் எத்தனை மாதம் தங்கலாம்? என் துறையில் ஆரம்பச் சம்பளம் விசா வரம்பைத் தொடுமா? போன ஆண்டு இதே கோர்ஸில் சேர்ந்த இரண்டு பேரிடம் நான் பேசலாமா? வேலை கிடைக்காமல் திரும்பினால், இங்கே வாங்கும் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா?

கடைசிக் கேள்வியை அம்மா, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். திரும்பி வருவது அவமானம் இல்லை. ஆனால் கடன் எவ்வளவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்திரத்தில் கையெழுத்து போடுபவர்கள் அவர்கள்தானே.