முதிய படைவீரன் கையில் மீண்டும் ஒரு கோடரி

அண்மையில் நண்பர் ஒருவரின் வற்புறுத்தல் தாளாமல் ஓர் அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்து முடித்தேன். "உம்மைப் போன்ற வயதுபோனவர்களுக்கு மிகவும் பிடிக்கும்" என்று சொல்லியே அதைத் தந்தார். படத்தின் பெயர் 'வி.எஃப்.டபிள்யூ.' ஜோ பெகோஸ் என்பவர் குறைந்த செலவில் இயக்கி, 2019 இல் விழாக்களிலும் 2020 பெப்ரவரியில் பொதுத் திரையிலும் வந்த படம். எனக்குப் பிடிக்கவில்லை என்பதைவிட, பார்த்து முடித்தபின் இரண்டு நாட்கள் கோபம் தணியவில்லை என்பதே சரி. அந்தக் கோபத்துக்கான காரணத்தைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

கதை சுருக்கமானது. ஒபியோயிட் போதைமருந்து நெருக்கடி முற்றிப்போன ஓர் அமெரிக்க நகரம். 'ஹைப்' என்ற புதிய போதைப்பொருள் தெருக்களை ஆட்டிப்படைக்கிறது. அங்கு வெளிநாட்டுப் போர்களில் பங்கேற்ற முன்னாள் படைவீரர்களுக்கான சங்கத்தின் கிளை ஒன்று இருக்கிறது. கிளை என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது ஒரு மதுக்கூடம். அதை நடத்தும் ஃப்ரெட் என்ற முதியவரின் பிறந்தநாளன்று அவருடைய பழைய தோழர்கள் கூடிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தன் சகோதரியின் சாவுக்குக் காரணமான போதை வியாபாரியைப் பழிதீர்ப்பதற்காக அவனது சரக்கைத் திருடிக்கொண்டு ஓடிவரும் ஓர் இளம்பெண் அந்த மதுக்கூடத்துக்குள் நுழைகிறாள். வியாபாரி தன்னிடம் அடிமைப்பட்டுக் கிடப்பவர்களைக் கூட்டமாக ஏவிவிடுகிறான். விடியும்வரை முற்றுகை. கோடரி, இரும்புக்கம்பி, கையில் அகப்பட்ட தளபாடம் என எல்லாவற்றாலும் முதியவர்கள் வருபவர்களை வெட்டியும் பிளந்தும் சாய்க்கிறார்கள்.

முதலில் படத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் லாங், வில்லியம் சாட்லர், மார்ட்டின் கோவ், டேவிட் பற்றிக் கெல்லி, ஜோர்ஜ் வென்ட் என, திரையுலகம் ஓரத்தில் ஒதுக்கிவைத்த ஒரு தலைமுறையை ஒரே மேசையில் அமர்த்தியிருக்கிறார்கள். ஃப்ரெட் வில்லியம்சனுக்கு அப்போது 81 வயது. முதல் அரைமணி நேரம் இவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு இருப்பதைப் பார்ப்பதே இன்பம். பழைய நண்பர்களின் பேச்சில் உள்ள முரட்டு அன்பைப் படம் நன்றாகவே அறிந்திருக்கிறது. அதனால்தான் பின்னர் செய்யும் காரியத்தை மன்னிக்க முடியவில்லை.

அந்தக் காரியம் என்ன? கதவுக்கு வெளியே நிற்பவர்களைப் படம் மனிதர்களாகவே காட்டவில்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, பேச்சுக்கூட இல்லை. பேய்ப்படங்களில் வரும் நடைப்பிணங்களைப் போல ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வருகிறார்கள். தலை சிதறிச் சாகிறார்கள். நாம் கைதட்ட வேண்டும். ஆனால் அவர்கள் யார்? போதைக்கு அடிமைப்பட்ட நோயாளிகள். அவர்களை ஏவிய வியாபாரி ஒருவன்; செத்து விழுபவர்களோ நூற்றுக்கணக்கில் நோயாளிகள்.

கதவுக்கு உள்ளே நிற்பவர்கள் யார் என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை படம் தரும் விடையல்ல. படத்தின் முதியவர்கள் வியட்நாம் தலைமுறையினர். 1971 செப்டெம்பரில் வியட்நாமிலிருந்து நாடு திரும்பிய இராணுவச் சிப்பாய்களை லீ றொபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர், தாம் அங்கிருந்தபோது ஹெரோயின் போன்ற போதைப்பொருட்களுக்கு அடிமையாகியிருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஆறு முதியவர்களை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கின்படி அவர்களில் ஒருவராவது தன் இருபதாவது வயதில் கதவுக்கு வெளியே நின்றிருக்க வேண்டியவர்.

றொபின்ஸின் ஆய்வு சொன்ன அடுத்த விடயம் அதைவிட முக்கியமானது. அவ்வாறு அடிமைப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடு திரும்பியபின் மீண்டும் அந்தப் பழக்கத்துக்கு அடிமையாகவில்லை. சூழல் மாறியது, மனிதர்களும் மீண்டார்கள். ஹெரோயினைத் தொட்டவன் என்றென்றைக்கும் அதற்கே அடிமை என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்தச் சிப்பாய்களே தம் வாழ்க்கையால் நிரூபித்த உண்மையை, அவர்களைப் போற்றுவதாகச் சொல்லும் படம் கோடரியால் வெட்டிப் போடுகிறது.

பழைய கதையை விட்டுவிட்டு இக்காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி 2011 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்தோ போதைப்பொருளோ அளவுமீறித் தற்செயலாக இறப்பவர்களின் வீதம், பொதுமக்களோடு ஒப்பிடுகையில் அவர்களிடையே ஏறத்தாழ இருமடங்காக இருந்தது என்று அது சொன்னது. விஸ்கொன்சின் மாநிலத்தின் டோமா என்ற ஊரில் உள்ள அத்தகைய மருத்துவமனைக்கு நோயாளிகள் 'மிட்டாய்த் தேசம்' என்று பொருள்படும் பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். வலிநீக்கி மாத்திரைகள் அங்கு அவ்வளவு தாராளமாக வழங்கப்பட்டன. 2014 இல் முன்னாள் மரைன் படைவீரர் ஒருவர் அங்கேயே பல மருந்துகளின் கூட்டு நஞ்சால் இறந்தார். 2015 ஜனவரியில் ஊடகங்கள் அதை வெளிக்கொணர்ந்த பின்னரே விசாரணைகள் நடந்தன. அவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தவன் தோல் மேலங்கி அணிந்த தெருச்சண்டியன் அல்லன். வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர். அந்த மாத்திரைகளைச் சந்தையில் பரப்பிய நிறுவனங்களில் ஒன்றான பேர்டியூ, 2007 இலும் 2020 இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆக, முதியவர்கள் தம் கோடரியோடு எந்தக் கதவை நோக்கிப் போயிருக்க வேண்டும்?

"ஐயா, இது வெறும் பொழுதுபோக்குப் படம். இதில் போய் மருத்துவமனையையும் மருந்து நிறுவனத்தையும் தேடுகிறீரே" என்று நண்பர் தொலைபேசியில் சிரித்தார். இந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. மலிவுப்படம் என்பதற்காக மலிவான சிந்தனை அதற்கு விதிக்கப்பட்டதன்று. 1973 இல் ஒஸி டேவிஸ் இயக்கிய 'கோர்டன்ஸ் வோர்' என்ற படமும் பெருஞ்செலவில் எடுக்கப்பட்டதல்ல. வியட்நாமிலிருந்து திரும்பும் ஒரு கறுப்பினப் படைவீரன், தன் மனைவி ஹெரோயினால் இறந்துபோனதை அறிகிறான். பழைய தோழர்களைத் திரட்டி ஹார்லமில் வியாபாரிகளுக்கு எதிராகப் போர் தொடுக்கிறான். அதுவும் பழிவாங்கும் படந்தான்; அதிலும் துப்பாக்கி வெடிக்கிறது. ஆனால் அடிமைப்பட்டவள் அவனுடைய மனைவி. பகை விற்பவன்மீது; வாங்கிச் செத்தவள்மீது துக்கம். இந்த வேறுபாட்டைக் காட்டக் கோடிக்கணக்கான டொலர் தேவையில்லை.

1977 இல் வந்த 'றோலிங் தண்டர்' என்ற படத்திலும் கதாநாயகன் வியட்நாமில் ஏழு ஆண்டுகள் சிறைப்பட்டுத் திரும்பியவன். ஊர் அவனுக்கு நாளொன்றுக்கு ஒன்றாக வெள்ளி டொலர்களைப் பரிசளிக்கிறது. மேடை, வாத்தியம், கைதட்டல் எல்லாம் உண்டு. வீட்டிலோ அவனோடு பேசுவதற்கு ஒருவருமில்லை. மனைவியின் மனம் வேறிடத்தில். அந்த நாணயங்களே பின்னர் கொள்ளையரை அவன் வீட்டுக்கு அழைத்து வருகின்றன. கொடூரமான படம். எனினும் அவன் கையில் ஆயுதம் மீண்டும் ஏறும்போது நாம் மகிழ்வதில்லை. இவனுக்குத் திரும்பிச்செல்ல இதைத் தவிர வேறிடம் இல்லாமற் போயிற்றே என்று வருந்துகிறோம். 2009 இல் மைக்கல் கெய்ன் நடித்த பிரித்தானியப் படமான 'ஹரி பிரவுண்' வந்தபோது இந்த வருத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகள் கழித்து 'வி.எஃப்.டபிள்யூ.' வந்தபோது அது முழுவதுமாகக் கரைந்துவிட்டது. போருக்குத் திரும்புவது இப்போது பிறந்தநாள் பரிசு.

என் குற்றச்சாட்டு இதுதான். இப்படங்கள் முதிய படைவீரனுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக்கொண்டு, அவனிடம் இருந்த ஒன்றே ஒன்றைத்தான் மதிக்கின்றன. அது அவன் கொல்லத் தெரிந்தவன் என்பது. அவன் மூட்டுவலியும் தனிமையும் ஓய்வூதியமும் தூக்கமில்லாத இரவுகளும் முதல் அரைமணி நேரத்துச் சிரிப்புக்கு உதவும் சாமான்கள். அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 6,400 வரையான முன்னாள் படைவீரர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள் என்று அந்நாட்டு அரசின் அறிக்கையே சொல்கிறது. அந்த மரணங்களில் கதவை உடைத்துக்கொண்டு எவரும் உள்ளே வரவில்லை. உள்ளே வராததுதான் காரணமோ என்றுகூடத் தோன்றுகிறது.

படத்துக்குத் தன் பெயரையே கொடுத்த அந்தச் சங்கத்தின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. ஸ்பெயினுடனான போரிலும் பிலிப்பைன்ஸ் போரிலும் இருந்து நோயோடும் காயத்தோடும் திரும்பியவர்களுக்கு மருத்துவமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை என்ற நிலையில், 1899 இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் அதன் வேர் ஊன்றப்பட்டது. உரிமை கேட்பதற்காகக் கட்டப்பட்ட வீடு அது. முதலாம் உலகப் போரில் பங்குபற்றியவர்களுக்கு 1945 இல் தருவதாகச் சட்டம் செய்த ஊக்கத்தொகையை, பொருளாதார மந்தத்தில் பட்டினி கிடந்தவர்கள் உடனே தரும்படி கேட்டபோது, இச்சங்கம் அக்கோரிக்கையின் பக்கம் நின்றது. 1932 கோடையில் ஏறத்தாழ 17,000 முன்னாள் படைவீரர்கள், பலர் மனைவி மக்களோடு, வொஷிங்டனில் குடிசை போட்டுக் காத்திருந்தார்கள். ஜூலை 28 இல் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு அவர்களில் இருவர் பலியானார்கள். அன்றே ஜெனரல் மக்ஆர்தரின் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் வந்தன, குடிசைகள் எரிந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1936 இல், ஜனாதிபதி றூஸ்வெல்ட்டின் மறுப்பாணையையும் மீறி கொங்கிரஸ் அத்தொகையை வழங்கிற்று. முதிய படைவீரர்களின் மெய்யான முற்றுகைக் கதை அது. அதை யாரும் பழிவாங்கும் படமாக எடுப்பதில்லை. ஏனெனில் அதில் எதிரி யார் என்பதைச் சொல்லவேண்டி வரும்.

எங்கோ உள்ள அமெரிக்கக் கிழவர்களுக்காக இலங்கைத் தமிழன் ஒருவன் ஏன் இப்படிப் பதறவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். முப்பது ஆண்டுகாலப் போர் 2009 மே மாதத்தில் முடிந்த நாட்டில் பத்திரிகைத்தொழில் பார்த்தவன் நான். காலிழந்த சிங்களச் சிப்பாயையும், உடலில் இரும்புத் துண்டுகளோடு கூலிவேலைக்குச் செல்லும் முன்னாள் போராளியையும் சந்தித்து எழுதியிருக்கிறேன். வெற்றி விழாக்களில் படைவீரனைத் தெய்வமாக்கிய அதே கொழும்பில், 2016 நவம்பரில் ஓய்வூதியம் கோரி ஊர்வலம் வந்த அங்கவீனமுற்ற படையினர்மீது நீர்த்தாரை பாய்ச்சப்பட்டது. அவர்களுடைய போருக்கு நான் ஆதரவாளன் அல்லன். ஆனால் 1932 இன் வொஷிங்டனை வாசித்தவனுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்கவில்லை. சீருடையில் இருக்கும்வரை வீரன், கைநீட்டினால் தொல்லை. இது எல்லா அரசுகளுக்கும் பொதுவான வழக்கம்.

எனவே நண்பருக்கு இப்பத்தியையே பதிலாக எழுதுகிறேன். வயதுபோன படைவீரர்கள் திரும்பிப் போராடும் கதை வேண்டுமானால் அதற்குக் கற்பனை தேவையில்லை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைத்தளங்களில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்து நோயுற்றவர்களுக்கு மருத்துவ உதவி வழங்கும் சட்டமூலம், 2022 ஜூலை 27 இல் அமெரிக்க செனட் சபையில் தடைப்பட்டது. முன்னாள் படைவீரர்களும் அவர்களது குடும்பத்தினரும் கொங்கிரஸ் கட்டடத்தின் படிகளிலேயே இரவும் பகலும் தங்கினார்கள். வெய்யிலிலும் மழையிலும் அங்கிருந்து அசையவில்லை. ஓகஸ்ட் 2 இல் அதே சபை 86 க்கு 11 என்ற வாக்குகளால் அதை நிறைவேற்றியது. வியட்நாமில் தெளிக்கப்பட்ட 'ஏஜென்ட் ஒரேஞ்ச்' நஞ்சுக்கு ஆளானவர்களின் உயர் குருதியமுக்கத்தையும், போரால் வந்த நோயென்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து!

மதுக்கூடத்து ஃப்ரெட்டும் அவர் தோழர்களும் மெய்யான மனிதர்களாக இருந்திருந்தால், அந்தச் சட்டம் அவர்களுக்கும் உரியது. அந்தப் படிகளில் ஆறு நாட்கள் தங்கியவர்களின் கையில் கோடரி எதுவும் இருக்கவில்லை.