ஒளி நம் கையில்; உரிமை?

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்துக்கு முதலில் வந்த நிறுவனங்களுள் எல்.இ.டி. தயாரித்த லிட்ரானிக்சும் ஒன்று. அரை நூற்றாண்டாகப் பினாங்குத் தொழிலாளர்கள் ஒளியைத் தயாரிக்கிறார்கள். அடுத்த தலைமுறை புதியன கண்டுபிடித்து, அதற்கு உரிமையும் பெற வேண்டும்.

ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் ஒரு சிறு மின்சுற்று இயக்குகிறது. அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் வெளிச்சம் சீர்குலையும். இக்குறையைப் போக்கும் சுற்றுக்குக் காப்புரிமை கேட்டால், ஆய்வாளர் மூன்றைப் பார்ப்பார். உலகில் எங்காவது முன்பே வெளிவந்ததா? துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா? தொழிலுக்குப் பயன்படுமா? கூடுதலாக ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்ததால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது.

மாணவர்களே, இறுதியாண்டுத் திட்டப்பணியைத் தொடங்குமுன் பழைய காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் படியுங்கள்; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதியது கைகூடினால், மனு செய்த பிறகே கண்காட்சிக்குக் கொண்டு செல்லுங்கள். நீங்களே முன்கூட்டி வெளியிட்டதற்கு மலேசியச் சட்டம் ஓராண்டு சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. 20 ஆண்டு உரிமையை ஒரு நாள் கைத்தட்டலுக்காக இழக்க வேண்டாம்.